தொட்டால் விழிக்கும் சின்னப் பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறேன். கையில் அடங்கும் ஒரு பொருள், அதன் வயிற்றுக்குள்ளேயே பேட்டரி. தொட்டால், சாய்த்தால், நிழல் விழுந்தால் ஒளியாலோ ஒலியாலோ பதில் சொல்லும். போன் வேண்டாம், இணையம் வேண்டாம், சுவரில் செருகவும் வேண்டாம். இவ்வளவுதான் பாடம். வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"இது ரோபோவா, பொம்மையா, கலைப்பொருளா? எதைத்தான் சொல்றீங்க?"

மூன்றும் ஆகலாம். நம் வீடுகளில் ஏற்கனவே இருப்பதிலிருந்தே சொல்கிறேன். பூஜை அறையில் நாள் முழுக்க 'ஓம் நமசிவாய' பாடிக்கொண்டிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சீனக் கோயில்களிலும் அதே மாதிரிப் பெட்டிகள் உண்டு. பெய்ஜிங்கைச் சேர்ந்த எஃப்எம்3 என்ற இரட்டையர் அந்தப் பெட்டியைப் பார்த்து, 2005-இல் 'புத்தா மெஷின்' என்று ஒன்றைச் செய்தார்கள். கைக்கடக்கமான பெட்டி, ஒரு ஸ்பீக்கர், உள்ளே திரும்பத் திரும்ப ஓடும் ஒன்பது சின்ன இசைத் துணுக்குகள், அவ்வளவுதான். அது கலைப்பொருளாகவே உலகமெங்கும் விற்றது. பெட்டி ஒன்றேதான். யார் கையில், எதற்காக இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

"எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஒண்ணுமே தெரியாது. ஆரம்பிக்கலாமா?"

தாராளமாக. மின்சாரம் பிளஸ்ஸில் கிளம்பி, சுற்றி வந்து, மைனஸில் சேர வேண்டும். நடுவில் எங்காவது அறுந்தால் நின்றுவிடும். முதல் நாளுக்கு இது தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் செய்யச் செய்யத்தான் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது சப்பாத்தி மாவு. மாவில் உப்பும் எலுமிச்சைச் சாறும் நிறையச் சேர்த்துப் பிசைந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு உருண்டை பிடித்து, ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ் கொடுத்து, எல்ஈடியின் நீளக் காலை பிளஸ் உருண்டையிலும் குட்டைக் காலை மைனஸ் உருண்டையிலும் குத்தினால் எரியும். உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டதும் அணைந்துவிடும். ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்பதைப் பலகையில் எழுதிப் புரியவைப்பதைவிட இது சுலபம். மாவில் குத்திய எல்ஈடி கால்கள் சீக்கிரம் கறுத்துத் துருவேறும். அவற்றை வேறு வேலைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

"முதல்ல என்னென்ன வாங்கணும்? எங்க கிடைக்கும்?"

சிவப்பு எல்ஈடி ஒரு கைப்பிடி. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள்: 100, 220 ஓம், 1, 10, 100 கிலோ ஓம். சின்ன மின்னோட்டத்தைப் பெருக்கும் பிசி547 டிரான்சிஸ்டர் பத்து. எல்டிஆர் எனப்படும் ஒளி உணரி நான்கைந்து. மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலிக்கும், தட்டினால் மின்சாரம் தரும் பீசோ தகடு ஒன்றிரண்டு, சாய்வு ஸ்விட்ச் இரண்டு. இரண்டு ஏஏ செல் போடும் கூடு ஒன்று, மூன்று செல் போடும் கூடு ஒன்று. பாகங்களின் கால்களைக் குத்தி இணைத்து விளையாட பிரெட்போர்டு என்ற துளைப்பலகை ஒன்று, கொஞ்சம் வயர். இவற்றோடு வோல்ட், மின்னோட்டம், எதிர்ப்பு அளக்க ஒரு மல்டிமீட்டர். மொத்தச் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும். ஆனாலும் அது இல்லாமல் தொடங்காதீர்கள், இருட்டில் சமைப்பது மாதிரி ஆகிவிடும்.

சென்னைக்காரர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். மற்ற ஊர்களில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடைகளில் கேளுங்கள். எந்தக் கடையில் எல்லா உதிரிபாகமும் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பழைய பொம்மைகளைப் பிரித்து மோட்டாரும் ஸ்பீக்கரும் எடுக்கலாம். கொசு பேட்டையும் கேமரா ஃபிளாஷையும் மட்டும் பிரிக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அவற்றின் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் காத்திருக்கும்.

"எல்ஈடிக்கு ரெசிஸ்டர் கட்டாயமா? நான் போடாமலே எரியுதே!"

நீங்கள் வட்ட பேட்டரியில் சொருகிப் பார்த்திருப்பீர்கள். சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் செல்லுக்கு உள்ளுக்குள்ளேயே எதிர்ப்பு அதிகம். அதனால் நிறைய மின்னோட்டம் தரவே முடியாது, எல்ஈடி தப்பித்துவிடுகிறது. அதே எல்ஈடியை 9 வோல்ட் பேட்டரியில் நேராக வைத்தால் ஒரு நொடி பளீரென்று எரிந்து வாழ்க்கையை முடித்துக்கொள்ளும்.

கணக்கு சின்னதுதான். சிவப்பு எல்ஈடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஏஏ செல் 3 வோல்ட். மீதி 1 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 5 மில்லிஆம்ப் போதுமென்றால் 1-ஐ 0.005-ஆல் வகுக்க 200 ஓம் வரும். கடையில் கிடைப்பது 220, அதைப் போடுங்கள். வெள்ளை, நீல எல்ஈடிகளுக்கு 3 வோல்ட் அளவுக்குத் தேவை. பழைய செல்லில் அவை மங்குவது அதனால்தான். செல் தீர்ந்துகொண்டு வரும்போதும் சிவப்புதான் கடைசி வரை நிற்கும்.

"எந்த பேட்டரி நல்லது? 9 வோல்ட் போட்டா பவர் ஜாஸ்தியா இருக்குமே?"

வோல்ட் அதிகம் என்பதால் அதிக நாள் உழைக்காது. எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதை மில்லிஆம்ப்-மணி என்ற அளவுதான் சொல்லும். சதுர 9 வோல்ட் பேட்டரிக்குள் அது ஏறக்குறைய 500 இருக்கும். ஒரு ஆல்கலைன் ஏஏ செல்லில் 2000-க்கு மேல். வட்ட சிஆர்2032-இல் 220 தான். ஆனால் அதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2, எடை மூன்று கிராம் போல. ஒரு ஏஏ செல் இருபது கிராமுக்கு மேல் கனக்கும்.

பொருளின் உருவத்தை பேட்டரிதான் முடிவு செய்கிறது என்று நான் அடிக்கடி சொல்வேன். பலர் அழகாக ஒரு பறவை செய்து முடித்துவிட்டுக் கடைசியில், "இதுல செல் எங்க வைக்கிறது?" என்று வந்து நிற்கிறார்கள். முதல் நாளே செல்லைக் கையில் வைத்துக்கொண்டு களிமண்ணைப் பிடியுங்கள். மாற்றுவதற்கு ஒரு வாசலும் விடுங்கள். உப்பிப்போன பழைய போன் பேட்டரியைக் கொண்டுவந்து, "இதை யூஸ் பண்ணலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது, அது தீப்பிடிக்கும்.

"சின்னக் குழந்தை கையில கொடுக்கலாமா?"

வட்ட பேட்டரி உள்ள எதையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் ஓடத் தொடங்கும். செல்லின் மைனஸ் பக்கம் உருவாகும் காரம் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் ஆகிவிடலாம். 20 மில்லிமீட்டர் அளவு செல்தான் சரியாகச் சிக்கும் அளவு, அதனால் ஆபத்தும் அதில்தான் அதிகம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்காமல் நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சின்னக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் கவ்விக்கொள்ளும். குழந்தைகளுக்கான பொருளில் ஏஏ செல் போட்டு, ஸ்க்ரூ வைத்த மூடிக்குள் அடையுங்கள்.

"சால்டரிங் பண்ணணுமா? எனக்குச் சூடுன்னா பயம்."

ஈயக் கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டுவதுதான் சால்டரிங். ஆரம்பத்தில் தேவையில்லை. பிரெட்போர்டில் குத்திப் பாருங்கள். காகிதத்தில் செய்வதானால் ஒட்டும் செம்பு நாடா இருக்கிறது. ஆனால் யார் கையிலாவது கொடுக்கப்போகிற பொருள் என்றால் சால்டர் பண்ணித்தான் ஆக வேண்டும். பிரெட்போர்டில் குத்தியது நாலு தடவை குலுக்கினால் கழன்றுவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரை மணியில் கற்றுக்கொள்கிறார்கள், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

"புரோகிராம் எழுதாம ஏதாவது செய்ய முடியுமா?"

நிறையவே முடியும். முதலில் இருட்டினால் விழிக்கும் ஒன்று. இரண்டு ஏஏ செல். பிளஸ்ஸிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547-இன் நடுக்காலுக்கு ஒரு இணைப்பு. அதே நடுக்காலிலிருந்து மைனஸுக்கு எல்டிஆர். பிளஸ்ஸிலிருந்து 100 ஓம், சிவப்பு எல்ஈடி வழியாக டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிட்டர் மைனஸுக்கு. தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வெளிச்சத்தில் எல்டிஆரின் எதிர்ப்பு குறைவு, பேஸுக்குப் போக வேண்டியதை அதுவே மைனஸுக்கு இறக்கிவிடும். கையால் மூடினால் எதிர்ப்பு பல நூறு மடங்கு ஏறும், பேஸுக்கு மின்சாரம் கிடைக்கும், எல்ஈடி எரியும். மொத்தம் ஐந்து பாகம். இதைக் கண்மூடிய ஆந்தைக்குள் வையுங்கள், உள்ளங்கையில் பொத்தினால் கண் சிவக்கும்.

அடுத்தது 555. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்து அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்த ஐசி, அதாவது துடிப்புகளை உண்டாக்கும் சிப், இன்னும் விற்கிறது. அதன் வழக்கமான ஒலி சர்க்யூட்டில் இரண்டு ரெசிஸ்டர்கள் வரும். இரண்டாவது ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் எல்டிஆர், முதலாவதாக 1 கிலோ ஓம், '104' என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு ஸ்பீக்கர். வெளிச்சத்தில் எல்டிஆர் 5 கிலோ ஓம் என்றால் சுமார் 1300 ஹெர்ட்ஸில் கீச்சிடும். நிழலில் 50 கிலோ ஓம் ஆனால் 140-க்கு இறங்கி உறுமும். கையை மேலே அசைத்தாலே ராகம் இழுக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் இதை விட்டு நகரவே மாட்டார்கள், பெற்றோர்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள். சாதாரண 555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட், அதாவது மூன்று செல் வேண்டும். இரண்டு செல்தான் இடம் என்றால் 7555 என்று கேட்டு வாங்குங்கள், அது 2 வோல்ட்டிலேயே ஓடும்.

"பாட்டுப் பாடணும், ஆனா புரோகிராம் வேணாம்."

யுஎம்66. பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரியே மூன்று கால், உள்ளே ஒரு மெட்டு. பழைய வாழ்த்து அட்டையைத் திறந்தால் கேட்குமே, அந்தக் கீச்சுக் குரல். 3 வோல்ட் கொடுத்து ஒரு பீசோவை இணைத்தால் போதும். மெட்டு உள்ளே எழுதப்பட்டதுதான், மாற்ற முடியாது.

சத்தம் போதவில்லை என்று உடனே ஆம்ப்ளிஃபையர் தேடாதீர்கள். பீசோ தகட்டை மேசைமேல் வைத்தால் கொசு மாதிரி முனகும். அதையே ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் ஒட்டினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். கொட்டாங்குச்சிக்கு வேறு குரல், எவர்சில்வர் டம்ளருக்கு வேறு குரல். ஒட்டி ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். ஒரு மதியம் முழுக்கப் போய்விடும், போகட்டும்.

"அப்ப ஆர்டுயினோ எப்ப வேணும்?"

பொருள் எதையாவது நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், எண்ண வேண்டும், காத்திருக்க வேண்டும் என்றால் புரோகிராம் எழுதக்கூடிய சிப் வேண்டும். 'மூணாவது தடவை தட்டினா மட்டும் பதில் சொல்லு' என்பதை ஐந்து பாகத்தில் செய்ய முடியாது.

அப்படி ஒரு சிப் பொருத்திய ஆர்டுயினோ பலகையில் முயன்று பாருங்கள், ஆனால் பொருளுக்குள் அதை வைக்காதீர்கள். ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ பலகை ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும்போதே 45 மில்லிஆம்ப் அளவுக்குக் குடிக்கும். 9 வோல்ட் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது. வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதே நிரலை ஏடிடைனி85 என்ற குட்டிச் சிப்புக்கு மாற்றுங்கள். எட்டே கால், அதில் ஐந்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 8 கிலோபைட் நினைவகம். குறைவுதானே என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். ஒரே ஒரு காரியம் செய்யும் பொருளுக்கு அதுவே அதிகம்.

"ஐடியாவே வரமாட்டேங்குது. நீங்க எப்படி யோசிக்கிறீங்க?"

பெரும்பாலோர் 'என்னிடம் ஒரு சென்சார் இருக்கிறது, இதை வைத்து என்ன செய்யலாம்' என்று தொடங்குகிறார்கள். நான் கையிலிருந்து தொடங்குவேன். இந்தப் பொருளை எடுத்தவர் கை என்ன செய்யும்? குலுக்குமா, கவிழ்க்குமா, தடவுமா, பொத்துமா, தட்டுமா? ஒரே ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். சென்சார் தானாகவே அமையும்: பொத்துவது எல்டிஆர், தட்டுவது பீசோ, கவிழ்ப்பது சாய்வு ஸ்விட்ச்.

போன நவராத்திரிக்கு ஒரு மாணவி செய்ததைச் சொல்கிறேன். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. அடியில் களிமண் கனம், மேலே காகிதக்கூழ். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அதைத் தள்ளினால் கண் மினுக்க வேண்டும் என்றாள். சாய்வு ஸ்விட்ச் என்பது ஒரு குட்டி உலோகக் குழாய்க்குள் உருளும் குண்டுகள்தான். குண்டு ஒரு ஓரத்துக்கு உருண்டால் இணைப்பு, மறு ஓரத்துக்கு உருண்டால் துண்டிப்பு. இரண்டு ஸ்விட்சுகளை ஏறக்குறையப் படுக்கைவாட்டில், இடமும் வலமுமாக ஒட்டினோம். நேராக நிற்கையில் இரண்டும் துண்டிப்பு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து ஸ்விட்ச் இணையும்.

முதலில் இரண்டு ஏஏஏ செல்லைக் கழுத்தருகே வைத்தாள். பொம்மை சாய்ந்தது, எழவே இல்லை. மேலே கனம் ஏறினால் எழும்பாது என்பது எல்லாருக்கும் தெரியும், செய்யும்போது மறந்துவிடுகிறது. பிறகு ஒரு வட்ட செல்லைக் களிமண்மேல் படுக்கவைத்தோம். இப்போது எழுந்து நின்று, ஆடி அடங்கும் வரை கண் படபடத்தது. கொலுப்படியில் உயரத்தில் நிற்கப்போகும் பொம்மை என்பதால்தான் வட்ட செல்லுக்குச் சம்மதித்தேன். தரையில் விளையாடக் கொடுப்பதாக இருந்தால் மேலே குழந்தைகளைப் பற்றிச் சொன்னதுதான்.

"ஆன்-ஆஃப் ஸ்விட்ச் வைக்க வேண்டாமா?"

முடிந்தால் வேண்டாம். தலையாட்டி பொம்மை சும்மா நிற்கும்போது மின்சாரமே ஓடாது, அதற்கு எதற்கு ஸ்விட்ச்? எடுத்தவுடன் விழிக்கிற பொருளைப் பார்த்தால் ஆட்கள் சிரிப்பார்கள். ஸ்விட்ச் தேடிப் போட்டு விழிக்கவைக்கிற பொருளைக் கருவி என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று, பதில் உடனே வர வேண்டும். தொட்ட பிறகு பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஏதாவது நடந்தால்தான் 'நான் செய்ததால் நடந்தது' என்று மனசு ஒப்புக்கொள்ளும். அரை நொடி தாமதித்தால் இன்னும் அழுத்தமாக அழுத்துவார்கள், அப்புறம் உடைப்பார்கள்.

"ரெண்டு நிமிஷத்துல போரடிச்சிடுதே!"

இரண்டு நிமிடம் விளையாடினார்களா? முதல் முயற்சிக்கு அது நல்ல மதிப்பெண்தான்.

கூடுதலாக எல்ஈடி, கூடுதலாகப் பாட்டு என்று அடுக்கினால் சலிப்பு போகாது. பொருளுக்கு ஒரு குணம் வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மார்வின் மின்ஸ்கியின் யோசனையில் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1952-இல் பெல் ஆய்வகத்தில் ஒரு பெட்டி செய்தார். மேலே ஒரு ஸ்விட்ச். போட்டால் மூடி திறக்கும், உள்ளிருந்து ஒரு கை வரும், ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விடும். அவ்வளவுதான் அது செய்யும். பின்னாளில் இலங்கையில் குடியேறிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, மறக்க முடியாமல் எழுதியும் வைத்தார். ஒரே செயல்தான், ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது.

விளையாட்டு வேண்டுமென்றால் இன்னொரு வழி, சவால். 1978-இல் வந்த 'சைமன்' பொம்மையில் நான்கு நிறம், நான்கு ஒலி. அது காட்டிய வரிசையை நீங்கள் திருப்பி அழுத்த வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் வரிசை ஒன்று கூடும். பாகம் சேர்க்காமல் விதியால் மட்டுமே வளர்கிறது. ஏடிடைனியில் இதை எழுதலாம், நல்ல பயிற்சி.

"ஒரு தடவைதான் அழுத்துறேன், மூணு தடவைன்னு எண்ணுதே! சிப் கெட்டுப்போச்சா?"

சிப் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போது, தரையில் விழுந்த பந்து மாதிரி சில மில்லிநொடிகள் துள்ளும். நம் கண்ணுக்கு ஒரு அழுத்தம், சிப்புக்கு நாலைந்து. நிரலில் முதல் தொடுகைக்குப் பிறகு 20 மில்லிநொடி காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள், தீர்ந்தது.

தலையாட்டி பொம்மையில் நாங்கள் இதைச் சரிசெய்யவே இல்லை. குண்டு துள்ளுவதால்தான் கண் படபடத்தது. சீராக எரிந்திருந்தால் டார்ச் லைட் மாதிரி இருந்திருக்கும்.

"பட்டனே இல்லாம, விரல் பட்டா வேலை செய்யற மாதிரி எப்படி?"

உங்கள் தோலே ரெசிஸ்டர். காய்ந்த விரல் என்றால் சில நூறு கிலோ ஓம், வேர்த்த விரல் என்றால் அதில் சிறு பங்கு. அதன் வழியே போகும் மின்சாரம் மிகச் சின்னது, எல்ஈடியை எரிக்காது. இரண்டு பிசி547-களைத் தொடராக, முதலாவதன் எமிட்டர் இரண்டாவதன் பேஸில் சேர இணைத்தால் ஒவ்வொன்றும் நூறு மடங்கு பெருக்கினாலே பத்தாயிரம் மடங்கு ஆகிவிடும். இந்த ஜோடிக்கு டார்லிங்டன் என்று பெயர். முதலாவதன் பேஸில் 10 கிலோ ஓம் ஒன்று போடுங்கள், தொடுமுனைகள் ஒன்றோடொன்று முட்டினாலும் டிரான்சிஸ்டர் பிழைக்கும். இந்த ஜோடி தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட் விழுங்குவதால் மூன்று செல் தேவை.

இதை வைத்து நான் எப்போதும் செய்யும் விளையாட்டு: தொடுமுனைகளை ஒரு மரப்பெட்டியின் இரு ஓரங்களில் வைத்து, இரண்டு பேரை ஆளுக்கொன்றைத் தொடச் சொல்வேன். ஒன்றும் ஆகாது. அவர்கள் மற்ற கைகளைக் கோத்தால்தான் எரியும். எட்டு, பத்துப் பேர் வட்டமாகக் கைகோத்தும் எரிந்திருக்கிறது. அண்ணன் தம்பி சண்டையில் முகம் கொடுத்துப் பேசாதவர்களைக்கூட ஒருமுறை கைகோக்க வைத்தது இந்தப் பெட்டி. மின்சாரம் உடல் வழியே போகிற எதையும் பேட்டரியில் மட்டுமே ஓட்டுங்கள். சுவரில் செருகும் அடாப்டர் வேண்டவே வேண்டாம்.

"பேட்டரி ரெண்டே நாள்ல செத்துடுது. எங்க தப்பு?"

நானே செய்த தப்பைச் சொல்கிறேன். மேலே சொன்ன இருட்டு சர்க்யூட்டில் எல்ஈடிக்குப் பதிலாக பஸ்ஸர் வைத்து, பொத்தினால் அழும் ஒரு பொம்மை செய்தேன். பெருமையாக எல்லாருக்கும் காட்டிவிட்டு, ராத்திரி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோவுக்குள் இருட்டுதானே! விடிய விடிய அழுது தீர்த்திருக்கிறது. காலையில் செல் காலி, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பொருள் அதிக நேரம் எந்த நிலையில் கிடக்கும் என்று முதலில் கேளுங்கள். அந்த நிலையில் அது தூங்க வேண்டும். இருட்டில் விழிப்பதை விட, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும் அந்த நொடியில் மட்டும் விழிப்பது நல்லது. அதற்கு சிப் வேண்டும்.

சிப்பையும் தூங்கவைக்க வேண்டும். ஏடிடைனியை ஆழ்ந்த உறக்கத்தில் போட்டு, மொத்தச் செலவை 5 மைக்ரோஆம்புக்குக் கொண்டுவந்தால், வட்ட செல்லின் 220 மில்லிஆம்ப்-மணியை 0.005 மில்லிஆம்பால் வகுங்கள்: 44,000 மணி நேரம், அதாவது காகிதக் கணக்கில் ஐந்து வருடம். விழித்திருக்கும்போது 5 மில்லிஆம்ப் என்றால் அதே செல் 44 மணி நேரம்தான், நடைமுறையில் அதுவும் வராது. செல்லின் பிளஸ் வயரைப் பிரித்து நடுவில் மல்டிமீட்டரை வைத்து, பொருள் சும்மா இருக்கும்போது அளந்து பாருங்கள். திருடன் அங்கேதான் மாட்டுவான்.

"சர்க்யூட்டை மறைக்கணுமா, காட்டணுமா? எங்க சார் மறைச்சாத்தான் நீட்டுன்னு சொல்றார்."

இதில் சரி, தப்பு இல்லை. ஆனால் பாதி மறைத்துப் பாதி தெரிவது அசிங்கம். ஜெர்மனியின் பீட்டர் ஃபோகல் (1937–2017) சர்க்யூட்டையே சிற்பமாக நிறுத்தினார். கம்பிகள்தான் எலும்புக்கூடு. ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒளி உணரி எல்லாம் காற்றில் வெளிப்படையாகத் தொங்கும். பார்ப்பவரின் நிழல் பட்டதும் ஒலிக்கும். அங்கே மறைத்தால் கலையே போய்விடும். நெதர்லாந்தின் மிஷெல் வைஸ்விஸ் 1970-களில் செய்த 'கிராக்கிள் பாக்ஸ்' பெட்டியில் ஸ்பீக்கரும் ஆறு உலோகத் தொடுமுனைகளும் மட்டும் வெளியே. விரல்களால் அழுத்தினால் உடலே சர்க்யூட்டின் பாகமாகி, அது அலறும், முனகும். அங்கே உள்ளே இருப்பதைக் காட்ட அவசியமில்லை, விரல் எங்கே போக வேண்டும் என்பதைக் காட்டினால் போதும். கொலு பொம்மையில் நான் மறைப்பேன். ஓவிய மாணவர்கள் கம்பி வளைத்துச் செய்வதில் மறைக்க விடமாட்டேன்.

"கண்காட்சியில வைக்கணும். என்ன பார்த்துக்கணும்?"

ஆயிரம் கை படும், அதில் நூறு முரட்டுக் கை, பத்து கீழே போடும். இடுப்பு உயரத்திலிருந்து நீங்களே நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். ஒற்றைக் கம்பி வயர் வளைய வளைய முறியும், பல இழை வயரைப் போடுங்கள். வயர் வெளியே வரும் துளைக்குள் ஒரு முடிச்சுப் போட்டால் இழுப்பை முடிச்சு தாங்கும், சால்டர் தாங்க வேண்டியதில்லை. சூட்டுப் பசையை மட்டும் நம்பி நம் ஊர் வெயிலில் காரில் வைத்துக்கொண்டு போனால், இறங்கும்போது பாகம் தனி, பெட்டி தனி. கடலோர ஊர் என்றால் சால்டர் இணைப்புகள்மேல் நகப்பூச்சு ஒரு கோட்டிங் கொடுங்கள்.

எல்டிஆர் வைத்த பொருளாக இருந்தால், அந்தக் கூடத்தின் விளக்கு வெளிச்சத்திலேயே முன்கூட்டி ஒருமுறை சரிசெய்ய வேண்டும். வீட்டு டியூப்லைட்டில் அழகாக வேலை செய்தது, அங்கே மேடை விளக்கின் கீழ் கல்லாக உட்கார்ந்திருக்கும். 100 கிலோ ஓம் இருக்கும் இடத்தில் திருகி எதிர்ப்பை மாற்றக்கூடிய பிரீசெட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரோடு பிரச்சினை முடிந்தது.

"நல்லா வந்திருக்கு. பொம்மைன்னு விக்கலாமா?"

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் ஓடும் பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644 என்ற தரநிலை. கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பெரியவர்களுக்கான அலங்காரப் பொருள், கலைப்பொருள் என்று விற்பது வேறு கணக்கு. ஆனால் பெட்டியில் யானைக்குட்டி படம் போட்டுவிட்டு 'இது பொம்மை இல்லை' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ரிமோட்ல தீர்ந்துபோன செல் டப்பா நிறைய கிடக்கு. அதுல ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். ரிமோட்டுக்குத் தீர்ந்துபோன செல்லில் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும். வெள்ளை எல்ஈடிக்கு 3 வோல்ட் வேண்டும் என்றேன். அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் சின்ன சர்க்யூட்டுக்கு 'ஜூல் தீஃப்' என்று பெயர், ஜூல் திருடன். ஒரு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு பீங்கான்) வளையத்தில் இரண்டு நிற வயர்களை ஒன்றாகப் பிடித்துப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றுங்கள். ஒரு நிறத்தின் தொடக்கத்தையும் மற்ற நிறத்தின் முடிவையும் சேர்த்து செல்லின் பிளஸ்ஸில் கொடுங்கள். மிஞ்சிய இரண்டு முனைகளில் ஒன்று 1 கிலோ ஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்கு, மற்றது கலெக்டருக்கு. எமிட்டர் செல்லின் மைனஸுக்கு. எல்ஈடியின் நீளக் கால் கலெக்டரில், குட்டைக் கால் எமிட்டரில்.

டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறை மூடும்போதும் சுருள் தன்னிடம் சேர்த்ததை ஒரே உதையில் எல்ஈடிக்குத் தள்ளும். கண்ணுக்குத் தொடர்ந்து எரிகிற மாதிரிதான் தெரியும். சரியாகக் கட்டியும் எரியவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் ஒன்றே: ஏதாவது ஒரு நிற வயரின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கட்டிப் பாருங்கள்.